கூப்பிட்ட குரலுக்கு

பெரியவன் தன் அம்மாவைக் கூப்பிட்டு வைத்துத்தான் அடிப்பான். சும்மா நிற்கிறவளை அடித்ததில்லை, தூங்குகிறவளைத் தொட்டதில்லை. முதலில் "அம்மா" என்பான். அவள் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓடுவாள். ஓடிப்போய் அவனை இறுக்கிக் கட்டிக்கொள்வாள். உடனே விழும். அடியோ கடியோ, அன்றைக்கு எது வாய்க்கிறதோ அது. கூப்பிடுகிற பிள்ளை ஏன் அடிக்க வேண்டும், அடிக்கிற பிள்ளை ஏன் கூப்பிட வேண்டும்? வீட்டில் இருந்தவர்களுக்கே இது விளங்கவில்லை. அப்புறம் மாடிப்படி ஏறி இறங்குகிறவர்களுக்கு எங்கே விளங்கப்போகிறது?

அவனுக்கு இருபத்தேழு வயது. நிலைவாசலில் குனிந்து வருகிற உயரம், அதற்கேற்ற உடம்பு. பிறந்ததிலிருந்து பேச்சு கிடையாது. பத்தொன்பதாம் வயதில் திடீரென்று வாயைத் திறந்து "அம்மா" என்றான். அதற்கு முன்னும் சொல் இல்லை, பின்னும் சொல் இல்லை. அந்த ஒன்றோடு சரி.

அன்றைக்கு அவள் ஆடிய ஆட்டத்தை இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள். அவள் வேலை பார்த்தது ஒரு பெரிய சலவைக்கூடத்தில். ஓட்டல்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்த்து அனுப்புகிற இடம். அங்கே இருந்த நாற்பது பேருக்கும் மிட்டாய் கொடுத்தாள். மூட்டை இறக்க வந்த வண்டிக்காரரையும் விடவில்லை. "எம்புள்ள என்னை அம்மான்னு கூப்புட்டுட்டான்!" அந்த வாரம் முழுக்க இதே பேச்சு. கூடத்தில் அவளுக்கு 'அம்மாக்காரி' என்று பெயரே வைத்துவிட்டார்கள். கேலிக்கு வைத்த பெயர்தான். அவள் அதைப் பட்டம்போல வாங்கி வைத்துக்கொண்டாள்.

அவளோடு ஜோடி சேர்ந்து ரோலரில் விரிப்பு விடுகிறவளுக்குப் பெயர் ரேடியோ. ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. ஈர விரிப்பின் இரண்டு முனைகளை ஒருத்தியும் மற்ற இரண்டை இன்னொருத்தியும் பிடித்து, ஒரே உதறாக உதறி, சுருக்கம் இல்லாமல் சூட்டு உருளைக்குள் விட வேண்டும். கொஞ்சம் அசந்தால் விரல் போய்விடும். ஆவியில் முகம் வெந்து, நின்று நின்று கால் வீங்கி, பெட்டியிலிருந்து அடுத்த விரிப்பை எடுக்கக் குனியும்போது ஒவ்வொருத்தி இடுப்பும் ஒவ்வொரு சத்தம் போடும். அந்தச் சத்தத்திலும் ரேடியோவின் வாய் ஓயாது.

"ஏய் அம்மாக்காரி, கையில என்னடி கட்டு?"

"கதவுல இடிச்சிக்கிட்டேன்."

"கதவுக்குப் பல்லு மொளச்சிருக்கா?"

அம்மாக்காரி விரிப்பை உதறினாள். முழங்கைக்குக் கீழே ஏழு தையல். பெரியவன் இந்த முறை கடித்த கடியில் சதை தொங்கிவிட்டது.

"எத்தன தையல்?"

"ஏழு."

"அடிப்பாவி! போன தடவ மூணுதானே? ஏறிக்கிட்டே போகுதே. உம்புருஷன் என்ன சொல்றாரு?"

புருஷன் சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது. அவர் கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். ஏணியிலேயே பாதி ஆயுசைக் கழித்தவர், பேச்சு குறைவு. ஏழு தையலைப் பார்த்த அன்று சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து அலமாரி மேல் வைத்தார். பஸ்ஸில் நாலு மணி நேரத் தூரத்தில் இருக்கிற ஒரு இல்லத்தின் விண்ணப்பம். பெரியவனைப் போன்றவர்களை நிரந்தரமாக வைத்துக்கொள்கிற இடம். வருஷத்துக்கு நாலு முறை பார்க்கலாம்.

"நான் கையெழுத்துப் போட்டுட்டேன். உன்னோடதுதான் பாக்கி" என்றார்.

"என்னைக் கூப்புடுற புள்ளய எப்படிங்க கொண்டுபோய் விடறது? அங்க போய்க் கூப்புட்டான்னா யாரு போவா?"

"கூப்புட்டுக் கூப்புட்டு ஒருநாள் உன்னைக் கொன்னுடுவான். அப்புறம் இங்க மட்டும் யாரு போவா?"

அவன் பகலில் போய்வந்த பயிற்சி சென்டரிலும் கைவிரித்துவிட்டார்கள். அங்கேயும் ஒரு பெண்ணின் தலைமுடியைப் பிடித்து இழுத்திருக்கிறான். ஆனால் ஒரேயடியாகக் கதவைச் சாத்தாமல் ஒரு வழி சொன்னார்கள். வீட்டுக்கே ஓர் ஆளை அனுப்புகிறோம், ஆறு வாரம் பார்ப்போம், மாறினால் திரும்பச் சேர்த்துக்கொள்கிறோம், இல்லாவிட்டால் அந்த இல்லந்தான். பெயிண்டர் அந்த ஆறு வாரத்துக்கு ஒப்புக்கொண்டார். அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது என்றும் சொன்னார்.

வந்தவளுக்கு முப்பது, முப்பத்தைந்து வயது இருக்கும். தோளில் துணிப்பை, கையில் நீள நோட்டு. வந்த அன்றைக்கு ஒன்றுமே செய்யவில்லை. மூலையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு எழுதினாள். மறுநாளும் எழுதினாள். பெயிண்டர் அவளுக்கு 'நோட்டுக்காரி' என்று பெயர் வைத்தார். நேரில் எல்லாரும் 'டீச்சர்' என்றார்கள்.

"இது என்ன டீச்சர், நாலு கட்டம் போட்டிருக்கீங்க?" என்று அம்மாக்காரி கேட்டாள்.

"முதல் கட்டத்துல மணி. ரெண்டாவதுல, அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு. மூணாவதுல, அவர் என்ன பண்ணாரு. நாலாவதுல, அப்புறம் நாம என்ன பண்ணோம்."

"எவரு?"

"அவர்தான்" என்று நோட்டுக்காரி பெரியவனைக் காட்டினாள்.

பெயிண்டர் சிரித்தே விட்டார். பெரியவனை 'அவர்' என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. அவனோ நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான், அவராகிவிட்டது தெரியாமல்.

"சும்மா எழுதிட்டிருந்தா கடி நிக்குமா டீச்சர்?"

"யாரும் சும்மா அடிக்க மாட்டாங்கக்கா. வாய் இருக்கறவங்க வாயால சொல்றத அவரு கையால சொல்றாரு. என்ன சொல்றாருன்னு தெரிஞ்சிக்கிட்டா அவரு அடிக்க வேண்டிய வேலையே இல்ல."

இதெல்லாம் புத்தகத்தில் படித்துவிட்டு வந்து சொல்கிற பேச்சு என்றுதான் அம்மாக்காரி நினைத்தாள். ஆனால் முதல் வாரமே ஒன்று நடந்தது. குளிக்கும்போது பெரியவன் வருஷக்கணக்காக ரகளை பண்ணுவான், பெயிண்டர் அவன் கையைப் பிடித்துக்கொள்ள அவள் தண்ணீர் ஊற்றுவாள். நோட்டுக்காரி மூன்று நாள் பார்த்துவிட்டு, "பின்னாலேர்ந்து ஊத்தறீங்க, எப்ப விழும்னு அவருக்குத் தெரியல. குவளையை அவர் கையில குடுத்துப் பாருங்க" என்றாள். கொடுத்தார்கள். குவளையை வாங்கி, தன் தலையில் தானே நிதானமாக ஊற்றிக்கொண்டான். பெயிண்டர் குளியலறை வாசலில் துண்டோடு நின்றுகொண்டு, "இவ்வளவுதானா?" என்றார். இருபது வருஷ மல்லுக்கட்டு ஒரு குவளையில் முடிந்துபோனது. அன்று முதல் அவர் அவளுக்குத் தன் கையாலேயே டீ போட்டுக் கொடுத்தார்.

அம்மாக்காரிக்கும் அவள் மேல் பிரியம் வந்துவிட்டது. நோட்டுக்காரி கேட்காமலே அந்தப் பழைய கதையை எடுத்தாள், எத்தனையோ பேரிடம் சொன்ன கதையை.

"நான் அடுப்படில நிக்கறேன் டீச்சர். குளிக்கற ரூம்ல தடால்னு சத்தம். வழுக்கி விழுந்துட்டான். நான் ஓடறதுக்குள்ள 'அம்மா'ன்னு ஒரு குரல்! எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. போய்ப் பாத்தா முட்டி தோலு உரிஞ்சு ரத்தமா ஓடுது. அதக்கூட அவன் கண்டுக்கல, என்னைத்தான் கூப்புடுறான்! அப்படியே கட்டிக்கிட்டு அழுதேன். அன்னிக்கு வெண்ணெய் போட்டு ரெண்டு முட்ட பொரிச்சுக் குடுத்தேன். அவனுக்கு அதுன்னா உசிரு. அதுலேர்ந்து அப்படித்தான். அடிச்சாலும் கடிச்சாலும் என்னைக் கூப்புட்டான்னா, அடங்கினதும் அவனுக்கு ஒரு முட்ட உண்டு. அது எங்க ரெண்டு பேருக்குள்ள இருக்கற கணக்கு."

நோட்டுக்காரி எழுதுவதை நிறுத்தி அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மறுபடி குனிந்து எழுதினாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் வருவாள். கல்யாணமாகி நகரத்தின் மறுகோடியில் இருக்கிறவள். அவள் வந்தால் வீடு கலகலப்பாகும், ஆனால் பெரியவன் காதைப் பொத்திக்கொண்டு உள் அறைக்குப் போய்விடுவான். "நான் வந்து 'அம்மா அம்மா'ன்னா அண்ணனுக்குப் பொறாம டீச்சர். அம்மா அவனுக்கு மட்டுந்தான் சொந்தம்" என்று மகள் கேலி செய்தாள். அம்மாக்காரிக்கு அந்தக் கேலி பிடிக்கும். நோட்டுக்காரி அதையும் எழுதிக்கொண்டாள். இவ்வளவு எழுதுகிறாளே, கை வலிக்காதா என்று இவர்களுக்குத் தோன்றும்.

நாலாவது வாரம், மழை பிடித்துக்கொண்ட ஒரு நாளில், நோட்டுக்காரி வழக்கம்போல ஸ்டூலில் உட்காரவில்லை. சாப்பாட்டு மேஜைக்கு வந்து புருஷனையும் பெண்டாட்டியையும் எதிரில் உட்காரச் சொன்னாள். காயாத துணிகள் அறை முழுக்கத் தொங்கின. பெரியவன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான்.

"அக்கா, நான் ஒண்ணு சொல்லப்போறேன். தப்பா எடுத்துக்கக் கூடாது. மொதல்ல நானும் தப்பாத்தான் நெனச்சேன். முட்ட கெடைக்கும்னுதான் அம்மான்னு கூப்புடுறாருன்னு நெனச்சேன். அப்படி இல்ல."

"நான்தான் சொன்னேனே டீச்சர். எம்புள்ள முட்டைக்கா கூப்புடுறான்?"

"இந்த மூணு வாரத்துல நாப்பத்தோரு தடவ அந்த வார்த்தைய சொல்லியிருக்காரு. அதுல ஒம்பது தடவ நீங்க வேலைக்குப் போயிருந்தீங்க. நீங்க வீட்டுல இருந்தப்பவும் ஒரு தடவகூட உங்களப் பாத்துச் சொல்லலக்கா. சுவத்தப் பாத்துச் சொல்றாரு. குனிஞ்சிக்கிட்டுச் சொல்றாரு."

"அவன் யாரையும் நேருக்கு நேர் பாக்க மாட்டான்."

"சரி. போன செவ்வாக்கிழம சாருக்கு இந்த மேஜ கால்ல இடிச்சுது, ஞாபகம் இருக்கா? அம்மான்னு கத்தினாரு. அப்ப உங்க பையன் எங்க பாத்தாரு தெரியுமா?"

அம்மாக்காரி உள் அறைப் பக்கம் பார்த்தாள்.

"உங்களப் பாக்கல. சாரோட காலப் பாத்தாரு."

பெயிண்டர் தன் காலைப் பார்த்துக்கொண்டார். அவருக்குப் பாதி புரிந்துவிட்டது. அவளுக்குப் புரியவில்லை, அல்லது புரிய விடவில்லை.

"இந்த ஏழு தையல் போட்ட அன்னிக்கு, அவரு கடிச்சப்ப, உங்க வாயில என்ன வந்துச்சுக்கா?"

"என்ன வரும்? அம்மான்னு அலறினேன்."

"உங்கம்மா இருக்காங்களா?"

"செத்துப் பதினாறு வருஷமாச்சு."

"அவங்களயா கூப்பிட்டீங்க?"

நோட்டுக்காரி சொல்லி முடித்துவிட வேண்டும் என்று ஒரே மூச்சில் சொன்னாள்.

"இந்த வீட்டுல யாருக்கு எங்க வலிச்சாலும் அம்மான்னுதான் சொல்றீங்க. சார் ஏணியிலேர்ந்து வந்து தோளப் பிடிச்சிக்கிட்டுச் சொல்றாரு. நீங்க முட்டியப் பிடிச்சிக்கிட்டுச் சொல்றீங்க. அவரு அதத்தான் கத்துக்கிட்டிருக்காரு. அவருக்கு அம்மான்னா வலின்னு அர்த்தம்க்கா. நீங்க இல்ல. வலிக்கற நேரத்துல நீங்க போய் இறுக்கிக் கட்டிப்பிடிக்கறீங்க, அது இன்னும் வலிக்குது, அதான் தள்ளி விடறாரு, கடிக்கறாரு. எங்கயோ உள்ளாற வலி இருக்கு. பாதிக்கு மேல முட்ட சாப்பிட்டு அரமணி, ஒருமணி நேரத்துல வருது. டாக்டரக் கட்டாயம் பாக்கணும்."

அம்மாக்காரி எழுந்தாள். அவள் அப்படிக் கோபப்பட்டு பெயிண்டர் முப்பது வருஷத்தில் பார்த்ததில்லை.

"எழுந்திரு. மொதல்ல வெளிய போ. எம்புள்ள இருபத்தேழு வருஷத்துல பேசுன ஒத்த வார்த்த அது. அதயும் புடுங்கிட்டுப் போகத்தான் நோட்டத் தூக்கிட்டு வந்தியா? பெத்தவளுக்குத் தெரியாதது நாலு கட்டம் போட்ட ஒனக்குத் தெரிஞ்சுபோச்சா?"

"ஏய், ஏய்" என்று பெயிண்டர் குறுக்கே வந்தார்.

"நீங்க சும்மா இருங்க. ஒங்களுக்கு அவனக் கொண்டுபோய் விடணும், அதுக்கு இவ ஒத்து ஊதறா."

நோட்டுக்காரி நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள். வாசல் வரை போனவள் நின்று, "அவரு மனசுல உங்களுக்குன்னு வேற ஒரு சத்தம் இருக்கான்னு மூணு வாரமா தேடினேன்கா. இருந்திருந்தா அதத்தான் மொதல்ல சொல்லியிருப்பேன்" என்றாள். படியிறங்கும்போது அவளும் அழுதுகொண்டுதான் போனாள் என்று கீழ்வீட்டுக்காரர்கள் பின்னால் சொன்னார்கள்.

அடுத்த மூன்று நாளும் பெயிண்டர் வீட்டிலிருந்து பெரியவனைப் பார்த்துக்கொள்ள, அம்மாக்காரி வேலைக்குப் போனாள், வந்தாள். ரேடியோ எத்தனை கிண்டியும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் சலவைக்கூடத்தில் காது அவள் சொல்படி கேட்கவில்லை. குனிகிறவர்கள், நிமிர்கிறவர்கள், சூட்டில் கை பட்டவர்கள், கால் மாற்றி நிற்கிறவர்கள், எல்லார் வாயிலும் அதே சொல். எட்டு மணி நேரம் அதையே கேட்டாள். எத்தனை வருஷமாக இந்தச் சத்தத்துக்குள் நின்றிருக்கிறாள்! ஒருநாளும் அவள் காதில் விழுந்ததில்லை.

வியாழக்கிழமை அவள் லீவு போட்டாள். பெயிண்டர் வேலைக்குப் போனதும் அடுப்பைப் பற்ற வைத்தாள். வெண்ணெயைத் தாராளமாகப் போட்டு இரண்டு முட்டை பொரித்தாள். அந்த நோட்டுக்காரி சொன்னது பொய் என்று யாருக்காவது காட்டியாக வேண்டும். வீட்டில் வேறு யாரும் இல்லை, ஆகவே தனக்கே காட்டிக்கொள்ளலாம் என்று இருந்தாள். பெரியவன் தட்டை வழித்துச் சாப்பிட்டான். அவள் பாத்திரம் கழுவினாள், தரையைத் துடைத்தாள். கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தும் கண் அங்கேயே போனது.

முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

"அம்மா."

துணியைப் போட்டுவிட்டு எழுந்தாள். எட்டு வருஷப் பழக்கம், கால் தானாக ஓடியது. அவனை எட்டுவதற்கு இரண்டடி முன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவன் சுவரைப் பார்த்துக் குனிந்து நின்றான். நெற்றியெல்லாம் வியர்வை.

"இங்க இருக்கேன்டா. அம்மா இங்கதான் இருக்கேன். திரும்பிப் பாரு."

அவன் திரும்பவில்லை.

"அம்மா" என்றான் மறுபடி, சுவரிடம்.

"இதோ அம்மா. இதோடா கண்ணு. ஒரே ஒரு தடவ பாத்துடு. ஒனக்குப் புண்ணியமாப் போகும், ஒரே தடவ."

அவள் கெஞ்சியது அவன் காதில் ஏறவே இல்லை. பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டாள். அடிக்கக் கை ஓங்கினான். அவள் பின்வாங்கிக்கொண்டு, "எங்கடா வலிக்குது?" என்று கேட்டாள். அதுவும் அவனுக்கு ஏதோ ஒரு சத்தம். 'எங்கே' என்ற சொல் தெரிந்தவன்தான். செருப்பு எங்கே என்றால் எடுத்து வருவான், தட்டு எங்கே என்றால் காட்டுவான். வலி என்ற சொல்தான் அவனிடம் இல்லை. அவனிடம் இருந்த சொல் வேறு. அந்தச் சொல்லை அவள் வாயால், அவன் அர்த்தத்தில், சொல்லிக் கேட்க வேண்டும். சொன்னால் அது போய்விடும். எட்டு வருஷமாக அவளுக்கென்று இருந்தது அவளுடையதல்ல என்று அவளே ஒப்புக்கொண்டதாகிவிடும். அப்படி நினைத்துக்கொண்டு நிற்கும்போதே அவன் இன்னொரு முறை அந்தச் சொல்லைச் சொன்னான், மெலிவாக, முடியாமல். அதற்கு மேல் பெற்ற வயிறு தாங்கவில்லை.

"எங்கடா அம்மா?" என்று கேட்டாள். "அம்மா எங்க? காட்டு. அம்மா எங்க இருக்கு?"

பெரியவன் திரும்பினான். அந்தச் சொல்லுக்கு அவன் அவள் பக்கம் திரும்பியது அதுதான் முதல் தடவை. தையல் போட்ட அவள் கையைப் பிடித்தான். அடிக்கவில்லை. அதை இழுத்துத் தன் வலப்பக்க விலாவுக்குக் கீழே வைத்து, தன் இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டான். கண்ணில் நீர் வழிய அப்படியே நின்றான்.

"அங்கயா? அங்கயா இருந்துச்சு அம்மா? இத்தன நாளா அங்கயாடா?"

அவள் ஓவென்று அழுதாள். அவன் அவள் கையை விடவில்லை.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். பித்தப்பை நிறையக் கல். கொழுப்பான சாப்பாடு உள்ளே போகும்போதெல்லாம் அந்தப் பை சுருங்கும், சுருங்கும்போது உயிர் போகிற வலி வரும் என்று டாக்டர் படம் போட்டு விளக்கினார். வயதில் சின்னவர், பேச்சில் கறார்.

"இது இன்னிக்கு நேத்து வந்தது இல்ல. வருஷக்கணக்கா இருந்திருக்கணும். இவ்வளவு வலிய வெச்சிக்கிட்டு இவர் ஒருநாளும் சொல்லவே இல்லையா?"

பெயிண்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மாக்காரி முந்திக்கொண்டாள்.

"சொன்னான் டாக்டர். தெனம் சொன்னான். நான்தான் கேட்டு சந்தோஷப்பட்டுக்கிட்டு, முட்ட பொரிச்சுப் போட்டேன்."

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. கையெழுத்துப் போட வேண்டிய தாளை அவள் பக்கம் நகர்த்தினார். இந்தத் தாளில் அவள் உடனே போட்டாள்.

ஆபரேஷன் முடிந்து பெரியவன் வார்டில் கிடந்தபோது நோட்டுக்காரி வந்தாள். பை இருந்தது, நோட்டு இல்லை. அம்மாக்காரி எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். நோட்டுக்காரி கேட்க விடவில்லை. பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள், அந்த வீட்டில் உட்கார்ந்த மாதிரியே.

ஊசி போட வந்த நர்ஸிடம் அம்மாக்காரிதான் சொல்லிக்கொடுத்தாள். "வலிக்குதான்னு கேக்காதீங்க சிஸ்டர், அவனுக்குப் புரியாது. அம்மா இருக்கான்னு கேளுங்க."

"நீங்கதானே அம்மா?" என்றாள் நர்ஸ்.

"நான் இல்ல சிஸ்டர். நீங்க கேளுங்க."

நர்ஸ் கேட்டாள். பெரியவன் வயிற்றுக் கட்டைத் தொட்டு, "அம்மா" என்றான். மருந்து கொடுத்தார்கள். முதல் நாள் பத்துப் பதினைந்து முறை சொன்னான். மறுநாள் ஐந்தாறு முறை. மூன்றாம் நாள் காலையில் ஒரு தடவை. அந்த ஒரு தடவை சொன்னபோது அம்மாக்காரி ஓடவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை. கட்டிலருகே மண்டியிட்டு அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அவன் சொல்லவே இல்லை.

ஆறு வாரம் முடிந்து இன்னும் சில வாரமும் ஆனது. அடி இல்லை, கடி இல்லை. சென்டரில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். எண்ணெய் வெண்ணெய் இல்லாத சாப்பாடுதான், முகம் சுளிக்காமல் சாப்பிட்டான். உடம்பு தேறியது. பெயிண்டர் அலமாரி மேலிருந்த விண்ணப்பத்தை எடுத்துக் கிழித்து, பெயிண்ட் கை துடைக்கிற பழந்துணிகளோடு போட்டார். அன்று அவர் வாய்விட்டுச் சிரித்துப் பேசினார். வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் அம்மாக்காரி மட்டும் அடிக்கடி வேலையை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்பாள். ஒன்றும் கேட்காது. கேட்கவில்லையே என்று மனசு ஏங்கும், உடனே ஏங்கியதற்காகத் தன்னைத் தானே திட்டிக்கொள்வாள். பிள்ளைக்கு வலி வரட்டும் என்றா ஒரு தாய் காத்திருப்பாள்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வந்திருந்தாள். மத்தியானம், வெயில் நன்றாக இருந்தது. பெயிண்டர் ஜன்னலோரம் கண்ணயர்ந்திருந்தார். பெரியவன் தரையில் உட்கார்ந்து பாட்டில் மூடிகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தான். அம்மாக்காரி பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அடுப்படியில் வேலையாக இருந்த மகள் அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"அம்மா!"

இரண்டு பேர் எழுந்தார்கள். அம்மாக்காரிக்கு முன்னால் பெரியவன் எழுந்துவிட்டான். மூடிகள் உருண்டோட, காதைப் பொத்தாமல் நேரே அடுப்படிக்குப் போனான். தன் உடம்பில் வலி இருந்த வரைக்கும் அந்தச் சொல்லைக் கேட்டால் ஓடி ஒளிந்தவன், இப்போது அதைத் தேடிக்கொண்டு போனான். மகள் பயந்துபோய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அவன் அவள் வலது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். இடது கையைத் திருப்பிப் பார்த்தான். குனிந்து இரண்டு காலையும் பார்த்தான். நிமிர்ந்து, அவள் விலாவுக்குக் கீழே தன் கையை மெதுவாக வைத்துப் பார்த்தான்.

"அம்மா, என்னம்மா தேடறான் இவன்? உப்பு எங்கன்னு கேக்கத்தானே கூப்பிட்டேன்!"

அவள் மறுபடி அந்தச் சொல்லைச் சொன்னதும் அவன் முகம் கலங்கியது. எங்கே என்று கண்டுபிடிக்க முடியவில்லையே என்று தவித்து, அவள் கையை இன்னொரு முறை திருப்பினான்.

"ஒண்ணும் இல்லடா, ஒண்ணும் இல்ல" என்று அம்மாக்காரி இடையில் வந்தாள். மகளின் கையை விரித்துக் காட்டினாள், காலைக் காட்டினாள், "அம்மா இல்லடா. பாரு, அம்மா இல்ல. எங்கயும் அம்மா இல்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவன் நம்புவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நம்பியதும் பெருமூச்சு விட்டான். திரும்பிப் போய் உட்கார்ந்து உருண்டுபோன மூடிகளைப் பொறுக்கத் தொடங்கினான்.

மகளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அம்மாக்காரி உப்பை எடுத்து மேடையில் வைத்தாள். அப்புறம் தணிந்த குரலில் சொன்னாள்:

"இனிமே இந்த வீட்டுல என்னை அப்படிக் கூப்பிடாதடி."

"எப்படி?"

"அதான், அப்படி. அவன் பயந்துடறான்."

"அப்புறம் ஒன்ன நான் எப்படித்தான் கூப்பிடறது?"

அம்மாக்காரி முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள்.

"எப்படியாவது கூப்பிடு. வந்துடறேன்."